குலுங்கின பஸ்ஸும் செல்லையா அண்ணனின் காலும்

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் எங்கள் லேபுக்கு ஒரு இயந்திரம் வந்தது. கண்ணாடிக் குழாய்களை வரிசையாகச் செருகி விசையைத் தட்டிவிட்டால், நிறுத்தும்வரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆட்டிக்கொண்டே இருக்கும். லேபிலிருந்த இளம்பெண்கள் அதற்குத் 'தொட்டில்' என்று பேர் வைத்துவிட்டார்கள். நான் கைவேலையை விட்டுவிட்டு அதன் முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு ஒருத்திக்குச் சிரிப்பு.

"என்னக்கா, தாலாட்டு பாடப் போறியளா?"

"பாடலாம்தான். இது இல்லாத காலத்துல நாங்க என்ன செய்தோம்னு தெரியுமாட்டி?"

"கையால குலுக்குவியளா இருக்கும்."

"பஸ்ஸுல ஏத்தி விட்டோம்."

எல்லோரும் சிரித்தார்கள். வயசாகிவிட்டால் நாம் எது சொன்னாலும் வேடிக்கைக்குச் சொல்வதாகவே பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். நான் உள்ளதைத்தான் சொன்னேன். அன்றைக்கு விளக்க நேரமில்லை. ரத்தம் கொடுக்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். இப்போது நேரம் நிறையக் கிடக்கிறது. அந்தப் பெண்களுக்காகவே எழுதுகிறேன்.

நான் வேலை படித்த கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. நாடு சுதந்திரமடைந்த சமயம் எனக்குப் பள்ளிப் படிப்பு முடிந்திருந்தது. நெய்யூர்ப் பக்கம் எங்கள் வீடு. நர்ஸாகப் போகிறேன் என்றேன். ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுகிறவள் நர்ஸாகி என்ன செய்வாய் என்று அப்பா கேட்டார். குழாயில் அடைத்த ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வராது என்று கண்டுபிடித்தபின் லேப் வேலை படித்தேன். படித்து முடித்து, மார்த்தாண்டம் தாண்டிப் பெரிய ரோட்டின் மேலேயே இருந்த ஒரு சிறிய தர்ம ஆசுபத்திரியில் சேர்ந்தேன். அது இன்று இல்லை, பெயரும் வேண்டாம்.

அங்கே எனக்கு மேலதிகாரி ஏலியம்மா டாக்டர். கோட்டயத்துக்காரர். மெலிந்த உருவம், வெள்ளைச் சேலை, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுகிற பழக்கம். குரலை உயர்த்தி ஒருநாளும் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் நம்மைத் திட்டுகிறார் என்பதே தெரியும். காலையில் நோயாளிகளைப் பார்ப்பார், மத்தியானத்துக்குமேல் லேபுக்கு வந்து என் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்காருவார். எதைச் செய்தாலும் இரட்டையாகச் செய்யச் சொல்வார். ஒன்று தப்பினால் மற்றது சாட்சி சொல்லும் என்பார். 'கண்டிப்பாக' என்ற சொல்லை நான் சொன்னால் மட்டும் முகம் சுளிப்பார். "தெய்வத்துக்கும் அங்கன நிச்சயமாயிட்டு ஒண்ணும் தெரியாது எஸ்தரே, நம்மளுக்கு எங்கன தெரியும்?" என்பார்.

லேபில் அவர் வைத்திருந்த பெரிய சட்டம், குழாயைக் குலுக்கக் கூடாது என்பது. இப்போது கேட்டால் விநோதமாக இருக்கும். கிருமி வளர்க்க நாங்களே மாட்டிறைச்சி வேகவைத்துச் சாறு எடுப்போம். வடிகட்டி, குழாய்களில் ஊற்றி, பஞ்சால் வாயடைத்து, ஆவியில் அவிப்போம். அதில் கிருமியைக் கம்பி வளையத்தால் தொட்டு விட்டு, மண்ணெண்ணெய் விளக்கில் சூடாகும் பெட்டிக்குள் வைத்தால் மறுநாள் சாறு கலங்கியிருக்கும். கலங்கினால் கிருமி உண்டு, தெளிந்தால் இல்லை. இதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆடினால் அடியில் கிடப்பதும் மேலே வந்து கண்ணை ஏமாற்றும். அதனால் பெட்டியிலிருந்து ஜன்னல்வரை குழாயை எடுத்துப்போவது, பிறந்த குழந்தையைக் கையில் வாங்கி நடப்பதுபோல இருக்கும். அடியில் வெள்ளையாக ஒரு பொட்டு தங்கியிருக்கும். அதை நாங்கள் பிணம் என்போம். செத்த கிருமி கீழே போகும், உயிருள்ளது மேலே மிதக்கும் என்பது எங்கள் கணிப்பு. யாரும் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை. அவ்வளவு தெளிவாகத் தெரிகிற விஷயத்தை யார் சோதிப்பார்கள்?

இந்தச் சமயத்தில்தான் செல்லையா அண்ணன் வந்து சேர்ந்தார்.

சுசீந்திரத்துக்காரர். நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் ஓடிய ஒரு பஸ்ஸின் டிரைவர். அந்தக் காலத்து ரோட்டில், அந்தக் காலத்து பஸ்ஸில், அவர் ஓட்டினால் மடியில் வைத்த தயிர்ச்சட்டி தளும்பாது என்று பேர். பிள்ளைத்தாய்ச்சிகளைக் கூட்டிப்போகிறவர்கள் அவர் பஸ் வரும்வரை காத்திருந்து ஏறுவார்கள். அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு. டயர் மாற்றும்போது ஜாக்கி நழுவி இடது முழங்காலுக்குக் கீழே அடித்துவிட்டது. வெளிக்காயம் ஆறியது, உள்ளே எலும்பில் சீழ் பிடித்துவிட்டது. ஒரு துவாரம் வழியாக எந்நேரமும் வடிந்துகொண்டே இருந்தது.

பென்சிலின் அப்போதுதான் எங்கள் பக்கம் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியிருந்தது. போட்டோம். முதலில் கேட்டது. பிறகு கேட்கவில்லை. மாதம் ஒருமுறை திருவனந்தபுரத்திலிருந்து வருகிற சர்ஜன் பார்த்துவிட்டு, அடுத்த தடவை வரும்போது காலை எடுத்துவிடலாம், தாமதித்தால் ஆளே போய்விடுவார் என்றார். அவர் நல்ல மனிதர்தான். அவருக்கு வேறு வழி தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

செல்லையா அண்ணன் அழவில்லை. "டாக்டரம்மா, கிளச்ச மிதிக்கது எடது காலாக்கும். ஒத்தக் கால வச்சு பஸ் ஓட்ட எங்கயாவது விடுவாவளா?" என்று மட்டும் கேட்டார். ஏலியம்மா டாக்டர் இல்லை என்று தலையாட்டினார். பொய் சொல்லத் தெரியாதவர்.

அவர் மனைவி தங்கம் கூடவே இருந்தார். நான் மைனி என்று கூப்பிடுவேன். அதிகம் பேசாதவர். மத்தியானத் தூக்கத்தில் செல்லையா அண்ணன் பஸ் ஓட்டுவார். கை லேசாக வளைவெடுக்கும். இடது கால் கிளட்சைத் தேடி வெறும் காற்றில் மிதித்து, வலியில் முகம் கோணும். அதைக் கண்டபிறகு மைனி கட்டில் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு, அவர் உள்ளங்காலுக்குத் தன் உள்ளங்கையைக் கொடுத்துவிடுவார். கால் அதை மிதிக்கும். மைனி மெதுவாக விட்டுக்கொடுத்து மறுபடி தாங்குவார். தூங்குகிறவரின் முகம் தெளிந்துவிடும். நான் முதன்முதலில் அதைப் பார்த்த அன்று, சீழ் எடுக்கப் போனவள் எடுக்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

ஆசுபத்திரி ரோட்டின் மேலேயே இருந்ததால் அவருடைய பஸ் போவதும் வருவதும் வார்டுக்குக் கேட்கும். அவருக்குப் பதிலாக அதை ஓட்டியவன் ஞானமுத்து என்ற இளவட்டம். பஸ் வாசலைத் தாண்டும்போதெல்லாம் செல்லையா அண்ணன் கண்ணை மூடிக்கொள்வார்.

"கேட்டியா எஸ்தரு மக்கா, கியர எப்பிடி அறுக்கான் பாரு. ஒரு குழிய விடமாட்டேங்கான். எனக்க வண்டியக் கொல்லுகான். இந்தக் காலு போனாலும் தாங்கிக்கிடலாம், இதத் தாங்க முடியல்ல."

ஏலியம்மா டாக்டருக்கு ஃபேஜ் நினைவு வந்தது அப்போதுதான். ஃபேஜ் என்பது பாக்டீரியாவைத் தின்கிற வைரஸ். தின்கிறது என்பது பேச்சுக்குச் சொல்வது. அது கிருமியின்மேல் ஒட்டி, உள்ளே புகுந்து, அதன் வயிற்றுக்குள்ளேயே தன் குஞ்சுகளைப் பெருக்கி, கடைசியில் கிருமியை வெடிக்கவைத்து வெளியே வரும். குஞ்சுகள் அடுத்த கிருமியைத் தேடும். மனிதனை ஒன்றும் செய்யாது. ஆனால் வாய்ருசி அதிகம். சிலர் ஒரே கடைச் சாயாதான் குடிப்பார்கள் அல்லவா, அதுபோல ஒரு ஃபேஜுக்கு ஒரு சாதிக் கிருமிதான் ஆகும். வெளியிலிருந்து வரவழைத்த ஃபேஜ் மருந்துக் குப்பிகள் செல்லையா அண்ணனின் கிருமியைத் திரும்பியும் பார்க்கவில்லை. அப்படியானால் நாமே பிடிப்போம் என்றார் டாக்டர். பிடிக்கிற இடம் சாக்கடை.

நான் புட்டியைக் கயிற்றில் கட்டி ஆசுபத்திரி ஓடையில் இறக்கிக்கொண்டிருப்பேன். செல்லையா அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்து, "மீனு உண்டுமா மக்கா?" என்பார். உண்டு, உமக்குத்தான் குழம்பு வைக்கப் போகிறோம் என்பேன். பாவம், அது முழுப்பொய் அல்ல என்று அவருக்குத் தெரியாது. ஓடைத் தண்ணீரில் அவருடைய கிருமியையும் இறைச்சிச் சாற்றையும் சேர்த்து வைத்து, பிறகு பீங்கான் வடிகட்டியில் வடிப்போம். கிருமி மேலே நின்றுவிடும். ஃபேஜ் கண்ணுக்குத் தெரியாமல் கீழே இறங்கும். அந்த வடிநீரைக் கிருமியுள்ள கலங்கல் குழாயில் விட்டுப் பார்ப்போம். பலமுறை ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் குழாய் தெளிந்தது. டாக்டர் அதை ஜன்னலில் பிடித்தபடி நின்றார். அந்தப் பக்கத்துத் தென்னை ஓலை அதன் வழியாகத் தெரிந்தது. அடியில் வெள்ளைப் பொட்டாகப் 'பிணம்'. அன்றைக்கு எங்களுக்கு அவர் கையாலேயே காப்பி போட்டுத் தந்தார்.

காயத்தில் ஃபேஜை விட்டோம். சீழ் குறைந்தது. மைனி சுசீந்திரம் கோயிலுக்கு வடைமாலை நேர்ந்துகொண்டார். நானும் என் பங்குக்கு ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் சொன்னேன். பிறகு சீழ் திரும்பி வந்தது. மறுபடி ஃபேஜ் விட்டோம், மறுபடி குறைந்தது, மறுபடி வந்தது. குழாயில் தெளிகிறது, காலில் தெளியவில்லை. ஏன் என்று தெரியாமல் டாக்டர் சாப்பாட்டைக்கூட மறந்து திரிந்தார். சர்ஜன் வருகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அதற்கு முன்னால் திருவனந்தபுரத்துக்குப் போய் சர்ஜனை நேரில் பார்த்து, கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கேட்பது என்று டாக்டர் முடிவு செய்தார். வெறும் வாயால் சொன்னால் நம்புவாரா? குழாய் அவர் கண்முன்னே தெளிய வேண்டும். அதனால் காலையில் புதிதாகக் கலந்தோம். கலங்கிய சாறு, அதில் ஃபேஜ். வழக்கம்போல் இரட்டை. ஒன்றைப் பெட்டியில் வைத்தேன். மற்றதைப் பஞ்சில் சுற்றி, உடம்புச் சூடு படும்படி டாக்டர் இடுப்பில் செருகிக்கொண்டார். "குலுங்காமே நோக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஞானமுத்துவின் பஸ்ஸில் ஏறினார்.

அங்கே போய்ச் சேர்ந்தால் சர்ஜன் ஆபரேஷன் அறைக்குள் இருந்தார். எப்போது வெளியே வருவார் என்று யாருக்கும் தெரியவில்லை. இங்கே நோயாளிகளை விட்டுவிட்டு வந்தவர் எவ்வளவு நேரம் காத்திருப்பார்? அதே பஸ்ஸில் திரும்பிவிட்டார். சாயங்காலம் லேபுக்குள் வந்தவரின் முகத்தைப் பார்த்தால் எனக்கே பயமாக இருந்தது. தலை கலைந்து, நெற்றியில் ஒரு புடைப்பு.

"எஸ்தரே, அவன் பஸ் அல்ல ஓட்டுகது, உரல் இடிக்கான். குழாய் எல்லாம் குலுங்கி நாசமாயி" என்றார், மிகமிக மெதுவாக.

கொடுங்கள், கழுவிவிடுகிறேன் என்று கையை நீட்டினேன். ஆனால் பார்க்காமல் எதையும் எறிகிற பழக்கம் அவருக்கு இல்லை. பஞ்சைப் பிரித்து, கடைசி வெயில் விழுந்த ஜன்னலில் பிடித்தார். நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார்.

"மற்றது எடு."

பெட்டியிலிருந்ததை எடுத்து வந்தேன், வழக்கம்போல் அலுங்காமல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தோம். பெட்டிக் குழாய் மேலே தெளிவு, அடியில் வெள்ளைப் பொட்டு. பஸ் குழாய் அடிவரை தெளிவு. பொட்டே இல்லை.

"இதுக்க அடிப்பொட்டு எவிட போயி?"

"குலுங்கி மேல வந்து கலந்திருக்கும் டாக்டர்."

"கலந்தால் கலங்கல் காணணும் அல்லோ. எங்கே கலங்கல்?"

அவர் பெட்டிக் குழாயின் அடிப்பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது பிணம்னு யாரு சொன்னது எஸ்தரே?"

"நீங்கதான் சொன்னிய டாக்டர். நான் சேர்ந்த அன்னைக்கே சொன்னிய."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன். "சரியாக்கும். ஞான்தன்னே" என்று சொல்லிச் சிரித்துவிட்டார்.

இரண்டு குழாய்களின் அடியிலிருந்தும் தொட்டு, கிருமி வளர்க்கும் கூழ் உறைந்த தனித்தனிக் கண்ணாடித் தட்டில் கம்பியால் இழுத்து வைத்தோம். மறுநாள் பஸ் குழாயின் தட்டில் ஒன்றுமில்லை. பெட்டிக் குழாயின் தட்டில், கம்பி போன வழியெல்லாம் பொன்னிறப் புள்ளிகள். நாங்கள் இத்தனை காலம் பிணம் என்று சொல்லி வந்தது உயிரோடு இருந்திருக்கிறது.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது விஷயம் விளங்கிற்று. செல்லையா அண்ணனின் கிருமி தனியாக இருக்கிற சாதி அல்ல. திராட்சைக்குலைபோல ஒன்றோடொன்று ஒட்டி, மேலே ஒரு கோழையையும் பூசிக்கொண்டு, கட்டிகட்டியாகக் கிடந்தது. டாக்டர் எனக்கு அதை எங்கள் வீட்டு பாஷையிலேயே சொன்னார். மழை வந்தால் கோழிக்குஞ்சுகள் ஒன்றுக்குள் ஒன்று ஒடுங்கிக்கொள்ளும். வெளிவட்டத்தில் நிற்பது நனையும், உள்ளே இருப்பது நனையாது. ஃபேஜும் அப்படித்தான் வெளியே இருப்பதைப் பிடிக்கிறது. அதுமட்டுமல்ல, ஏற்கெனவே செத்ததின்மேலும் போய் ஒட்டி மருந்து வீணாகிறது. உள்ளே இருப்பது, மழை விட்டதும் பழையபடி குடும்பம் பெருக்குகிறது. காலில் சீழ் குறைந்து குறைந்து வந்ததன் காரணம் இதுதான்.

"ஆனால் எஸ்தரே, அதே குஞ்சுக்கூட்டத்தின் உள்ளே ஒண்ணுக்கு நோவு வந்தாலோ?"

"கூடையோட போவும் டாக்டர். எங்க வீட்டுல போயிருக்கு."

"அதுதன்னே. கட்டி இளகி ஃபேஜ் உள்ளே கேறியால், அடுத்தது தேடி அலையண்டா. எல்லாம் தொட்டுத்தொட்டு இருக்கு."

கூட்டமாக இருப்பதுதான் அவற்றுக்குக் காவல். காவலை உடைத்து ஒன்று உள்ளே போய்விட்டால், கூட்டமாக இருப்பதே ஆபத்து. இந்த இரண்டையும் நான் ஒரே நாளில் கற்றுக்கொண்டேன். பஸ்ஸின் குலுக்கல் கட்டிகளை உடைத்தது. உடைந்த இடமெல்லாம் ஃபேஜ் புகுந்தது.

ஆனால் டாக்டர் உடனே வார்டுக்கு ஓடவில்லை. ஞானமுத்துவின் பஸ்ஸை நம்பி ஒரு மனிதனின் காலில் கைவைக்க முடியாது என்றார். மறுபடி மறுபடி செய்து பார்த்தோம். குலுக்கக் கூடாது என்ற சட்டத்தை எழுதினவரே என் பக்கத்தில் உட்கார்ந்து குழாயைக் குலுக்கினார். அவர் ஒன்றும் நான் ஒன்றுமாக, கை மாற்றி மாற்றி. நான் கோயில் பாட்டு ஒன்றை முனகுவேன், அவர் தாளத்துக்கு ஆட்டுவார். ஆட்டியவை அடிவரை தெளிந்தன. ஆட்டாதவற்றின் அடியில் பொன்னிறம் முளைத்தது.

சர்ஜன் வந்த அன்று டாக்டர் தட்டுகளை வரிசையாக அவர் முன்னால் வைத்தார். அவர் பொறுமையாகக் கேட்டார். "கால் குழாய் அல்லவே ஏலியம்மா, குலுக்க முடியாதே" என்றார். டாக்டர், "குலுக்க வேண்டாம். திறந்து, செத்த எலும்பைச் சுரண்டித் தாருங்கள். மிச்சத்தை நாங்கள் கழுவுகிறோம்" என்றார். சர்ஜன் யோசித்தார். சுரண்டித் தருகிறேன், ஆனால் அடுத்த தடவை நான் வரும்போது சீழ் இருந்தால் அன்றைக்கே வெட்டுவேன், அதற்குமேல் கேட்கக் கூடாது என்றார். மைனி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சுரண்டியாயிற்று. அதன்பிறகு பட்ட பாட்டைத்தான் சொல்ல முடியாது. பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரை எடுத்து, டாக்டர் காயத்துக்குள் விசையோடு பாய்ச்சுவார். ஒட்டிக் கிடக்கிற கோழை இளகும்வரை, துணி சுற்றிய குச்சியால் துடைப்பார். மறுபடி தண்ணீர். பிறகு நான் புதிதாக வடித்துக் கொண்டுவந்த ஃபேஜ். ஒரு நாளைக்குப் பல தடவை. எந்த மனிதனும் கத்தியிருப்பான். செல்லையா அண்ணன் கத்தவில்லை, பஸ் ஓட்டினார். சிரிஞ்சு பட்டதும் கண்ணை மூடிக்கொண்டு, மார்த்தாண்டத்திலிருந்து ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டு போவார். "அழகியமண்டபம்... தக்கலை... வில்லுக்குறி..." வலி கூடக்கூட வண்டி வேகமெடுக்கும். "தோட்டியோடு, சுங்கான்கடை, பார்வதிபுரம், வடசேரி." வடசேரி வந்தால் நாகர்கோவில் வந்தாயிற்று. அங்கிருந்து திரும்பி மறுபடி மார்த்தாண்டத்துக்கு ஓட்டுவார். மைனி அவர் உள்ளங்காலைத் தன் கையில் தாங்கியபடி உட்கார்ந்திருப்பார். அவர் கிளட்ச் போடும்போதெல்லாம் மைனியின் தோளே அசையும்.

முதல் நாட்களில் நாகர்கோவில் போய் மார்த்தாண்டம்வரை திரும்பியும் வந்துவிடுவார். கொஞ்ச நாளில் வடசேரியோடு நின்றது. பிறகு வில்லுக்குறி. ஒருநாள் டாக்டர் கழுவி முடித்துக் கட்டுப் போடத் துணியை எடுத்துவிட்டார். செல்லையா அண்ணன் அப்போதுதான் "அழகியமண்டபம்" என்றார்.

"இறங்கு செல்லையா. வண்டி இதுக்குமேல போகாது" என்றார் டாக்டர்.

அவர் கண்ணைத் திறந்து காலைப் பார்த்தார். துணியில் சிவப்பாக, சுத்தமான ரத்தம் மட்டும் இருந்தது.

சர்ஜன் வருவதற்கு முந்தின நாள், காயத்தின் ஆழத்திலிருந்து எடுத்து இறைச்சிச் சாற்றில் விட்டு, நன்றாகக் குலுக்கிப் பெட்டியில் வைத்தேன். காலையில் பெட்டியைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. டாக்டரும் திறக்கவில்லை. நீ திற, நீ திற என்று இருவரும் நின்றோம். கடைசியில் மைனி வந்து, "என்னத்துக்கு ரெண்டுபேரும் இப்பிடி நிக்கிய?" என்று கேட்டபோதுதான் நான் கதவைத் திறந்தேன். குழாய் தெளிந்திருந்தது. அடியிலும் ஒன்றுமில்லை. நான் குழாயை மைனியின் கையிலேயே கொடுத்துவிட்டேன். அவருக்கு அதில் என்ன பார்க்க வேண்டும் என்று தெரியாது. இருந்தாலும் ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். நான் அழுதேன், வெட்கப்படாமல். டாக்டர் கண்ணாடியைத் துடைக்கப் போகிறவர்போல் திரும்பிக்கொண்டார்.

சர்ஜன் பார்த்தார், அழுத்தினார், முகர்ந்துகூடப் பார்த்தார். ரம்பம் பெட்டிக்குள்ளேயே இருந்தது. "இந்த ஒரு காலை வைத்து ஊருக்கெல்லாம் சொல்லிவிடாதீர்கள்" என்றார். டாக்டர், "சொல்ல மாட்டேன். எல்லாக் காலும் இப்படிக் கேட்காது" என்றார். அது உண்மைதான். பின்னால் வந்த நோயாளிகளில் சிலருக்குக் கேட்டது, சிலருக்குக் கேட்கவில்லை. புது மருந்துகள் ஒவ்வொன்றாக வந்தபின் ஃபேஜை எல்லோரும் மறந்தார்கள். நாங்களும் மறந்தோம்.

ஒன்றே ஒன்றை மட்டும் டாக்டர் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், 'கண்டிப்பாக' என்ற சொல்லை அவர் சொல்லிக் கேட்டது அந்த ஒரே தடவைதான். பஸ் குலுங்கின கதையைச் செல்லையா அண்ணனிடம் சொல்லக் கூடாது. "செல்லையா ஞானமுத்துவுக்கு நன்னி சொல்லேண்டி வரும். அதுக்கு காலு போனாலே நல்லதுன்னு பறயும்" என்றார். நான் சொல்லவில்லை. அவர் நொண்டாமல் நடந்து, மறுபடி அந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஞானமுத்து அதை என்னவெல்லாம் செய்து வைத்திருக்கிறான் என்று வருஷக்கணக்காக என்னிடம் புலம்பியபோதும் சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வரும். காப்பியைக் குடித்து விழுங்கிவிடுவேன்.

எங்கள் பகுதி திருவிதாங்கூர் கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த வருஷம். ஊரெல்லாம் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஏலியம்மா டாக்டர் தன் ஊருக்குப் போவதென்று முடிவு செய்துவிட்டார். அவருடைய அம்மாவும் தளர்ந்திருந்தார். நான் எல்லையான களியக்காவிளைவரை கூடப் போய் வழியனுப்பப் புறப்பட்டேன். செல்லையா அண்ணனின் பஸ்தான். டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் டாக்டர், பின்னால் நான். மைனி கொடுத்தனுப்பிய முறுக்குப் பொட்டலம் டாக்டர் மடியில் இருந்தது. வண்டி ஓடுவதே தெரியவில்லை.

குழித்துறைப் பாலம் தாண்டியதும் டாக்டர் அவரிடம் பேச்சுக் கொடுத்தார். குழாய், இடுப்பில் செருகினது, ஞானமுத்து, நெற்றிப் புடைப்பு, எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னார். எஞ்சின் சத்தத்தில் எனக்குப் பாதிதான் கேட்டது. செல்லையா அண்ணன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்பம், அன்னைக்கு நான் ஓட்டியிருந்தா?"

"ஒண்ணும் குலுங்கியிருக்காது செல்லையா."

"காலு?"

டாக்டர் குனிந்து அவருடைய இடது காலைப் பார்த்தார். வண்டி அதே நிதானத்தில் போய்க்கொண்டிருந்தது. டாக்டர் சொல்லியிருக்க வேண்டாமோ என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

களியக்காவிளைக்குச் சற்று முன்னால் ரோட்டின் இடது ஓரம் ஒரு பெரிய குழி உண்டு. அந்த வழியில் ஓடுகிற எல்லோருக்கும் தெரிந்த குழி. செல்லையா அண்ணன் அதை வளைத்துப் போவதைப் பார்த்து மற்ற டிரைவர்கள் தொழில் கற்றுக்கொள்வார்கள். அன்றைக்கு அவர் வளைக்கவில்லை. ஸ்டியரிங்கை இடதுபக்கம் திருப்பி, தெரிந்தே, முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் அந்தக் குழியில் இறக்கி ஏற்றினார். வண்டி முழுதும் எழும்பி விழுந்தது. என் தலை கூரையில் இடித்தது. பின்னாலிருந்து யாரோ சத்தம் போட்டார்கள்.

"செல்லையா, ஒமக்கு என்னவோய் ஆச்சு? கண்ணு தெரியல்லியா?"

"தெரியும்வே. இது ஞானமுத்துக்கு உள்ளது" என்றார் அவர் திரும்பாமலே.

டாக்டர் சிரித்தார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றுதான்; சிரிப்பாகக் கேட்டேன். முறுக்கெல்லாம் நொறுங்கிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். முன்னால், செல்லையா அண்ணனின் இடது கால் கிளட்சை நிதானமாக மிதித்துவிட்டு எழுந்தது.